நகம் இழந்த பூனையை வீட்டுக்கு அழைத்து வந்தவர்களுக்கு

எடிசன், பார்சிப்பனி, பிரின்ஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும், டல்லாஸிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் எழுதுவது.

வார இறுதிகளில் நான் ஒரு விலங்குக் காப்பகத்தில் பூனைகள் பக்கம் வேலை பார்க்கிறேன். சம்பளமில்லாத வேலை. கூண்டு கழுவுவது, லிட்டர் மாற்றுவது, பூனை எடுக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டுவது. சமீப வருஷங்களில் நம்மவர்கள் நிறைய வருகிறார்கள். பிள்ளைகள் நாய் கேட்டிருப்பார்கள். ஜனவரிப் பனியில் யார் அதை வெளியே நடத்திக்கொண்டு போவது என்று வீட்டில் பேரம் நடந்து, கடைசியில் பூனையில் வந்து முடிந்திருக்கும். கூண்டுக் கதவில் தொங்கும் அட்டையில் ‘ஃப்ரண்ட் டிக்ளாட்’, அதாவது முன்கால் நகங்கள் எடுக்கப்பட்டது, என்று ஒரு வரி இருந்தால் பல அப்பாக்களின் முகம் தெளிந்துவிடும். “அப்ப சோபாவைக் கிழிக்காதுல்ல?” என்பார்கள். குழந்தையைப் பிராண்டாது, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரைப் பிராண்டாது, வாடகை வீட்டுக் கதவும் தப்பிக்கும். யாரோ ஏற்கெனவே செலவு செய்து முடித்துவைத்த வசதி என்றுதான் அது படுகிறது.

அப்படி எடுத்துப்போன பூனைகளில் சில திரும்பி வருகின்றன. ஒப்படைக்கும் படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. கட்டிலில் மூத்திரம் போகிறது. தடவிக்கொடுக்கும்போதே கடிக்கிறது. ஒளிந்துகொண்டே இருக்கிறது. ஒரு படிவத்தில் ‘பேட் ஆட்டிட்யூட்’ என்று இரண்டே வார்த்தை. இந்தக் கடிதம் அந்தக் காரணங்களைப் பற்றியது. நீங்கள் குணக்கேடு என்று நினைப்பதில் பெரும்பகுதி அந்தப் பூனையின் முன்கால்களில் இருக்கிறது. குணத்தைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் காலைப் பார்க்கச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலில் என்ன செய்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. அந்த எலும்பு இருக்கிறவரை நகம் வந்துகொண்டேதான் இருக்கும். வராமல் இருக்க வேண்டுமென்றால் எலும்பையே எடுத்தாக வேண்டும். மூட்டுநார், தசைநாண், நரம்பு எல்லாவற்றையும் அறுத்து விரலின் நுனிக் கணுவைக் கழற்றிவிடுகிறார்கள். நம் கையில் நகம் இருக்கும் கணுவுக்கு இணையான கணு அது. முன்கால் ஒன்றுக்கு 5 விரல், ஆக 10 எலும்பு. பின்கால்களிலும் செய்தால் 18. கத்தியால் மூட்டைப் பிரித்து எடுப்பவர்கள் உண்டு, லேசரால் எடுப்பவர்களும் உண்டு. நீண்ட காலம் பரவலாக இருந்த முறை, விலங்குகளுக்கு நகம் வெட்டும் கில்லட்டின் வகைக் கருவியை விரல் நுனியில் மாட்டி ஒரே அழுத்தில் நறுக்குவது. வேகமாக முடியும். ஆனால் எலும்பில் ஒரு சில்லு உள்ளேயே தங்கிவிட இடமுண்டு. நகம் முளைக்கும் திசு அந்தச் சில்லில் ஒட்டியிருந்தால் வருஷங்கள் கழித்து நகம் கோணலாக, தோலுக்கு அடியிலேயே வளரும். சீழ் கட்டும். வெளியில் பார்த்தால் மெத்தென்ற பாதம்தான் தெரியும்.

பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குதிகால் தரையில் படாது. உடம்பின் எடை விரல்களில்தான் இறங்குகிறது. கடைசி எலும்பு போனபின் எடை அதற்கு முந்தைய எலும்பின் முனையில் விழுகிறது. அறுபட்ட தசைநாண் பின்னோக்கி இழுத்துக்கொள்ள, விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடுவதும் உண்டு. முன்கால் வலித்தால் பூனை எடையைப் பின்காலுக்கு மாற்றும். அதற்கான விலையை முதுகு கொடுக்கும். குட்டியாக இருக்கும்போது இது ஒன்றும் தெரியாது, மூன்றாம் வாரமே ஓடி விளையாடும். ஆபரேஷன் செய்தவர்கள் ‘பார்த்தீர்களா, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வது அந்தக் குட்டியைப் பார்த்து. உங்கள் கைக்கு வருவது எட்டு வயது, பத்து வயதுப் பூனை.

இந்த ஆபரேஷன் அமெரிக்காவில் அபூர்வமாக நடந்ததல்ல. கருத்தடையோடு சேர்த்து, ஒரே மயக்கத்தில், சலுகை விலையில் செய்துவந்தார்கள். ஒரு காலத்தில் இங்கே நான்கைந்து வீட்டுப் பூனைகளில் ஒன்றுக்கு நகம் இல்லை என்று மதிப்பிட்டார்கள். பிரிட்டனில் வளர்ந்த ஒருவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். அங்கே இது சட்டப்படி குற்றம். ஊரில் நம்மில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே கிடையாது. அங்கே பூனை வேப்பமரத்திலும் சாக்கு மூட்டையிலும் கயிற்றுக் கட்டிலின் காலிலும் பிராண்டிவிட்டுப் போகும். அதை ஒரு பிரச்சினையாக யாரும் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பவள் பெயர் பட்டு. சாம்பல் நிறம். எங்களுக்கு முன் இரண்டு வீடு பார்த்தவள். அவள் செய்கிற காரியங்களைச் சொன்னால் உங்களில் சிலருக்கு உங்கள் வீட்டுப் பூனை ஞாபகம் வரலாம். உட்கார்ந்திருந்து எழுந்ததும் முன்கால் ஒன்றைத் தூக்கித் தண்ணீரை உதறுவதுபோல இரண்டு உதறு உதறுவாள். தண்ணீரே பட்டிருக்காது. தரையில் ஒரு காலை லேசாகத் தூக்கியபடியே நிற்பாள். லிட்டர் பெட்டியில் நான்கு காலையும் வைப்பதில்லை. முன்கால் இரண்டையும் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பின்பாதி மட்டும் உள்ளே இருக்க, வேலையை முடித்து, மண் தள்ளி மூடாமல் பாய்ந்து வெளியே ஓடுவாள். பாத்ரூம் மிதியடி, பாத்டப், மடித்து வைத்த வேட்டி அடுக்கு, இவை மூன்றும் அவளுக்குப் பிடித்த மாற்று இடங்கள். முன்பாதத்தை நாக்கால் நக்கி நக்கி ஒரு திட்டு முடியே இல்லாமல் செய்துவிட்டிருந்தாள். முதல் நவராத்திரிக்குக் கொலுப் படியில் ஏறி பொம்மையைத் தள்ளிவிடுவாள் என்று ராத்திரியெல்லாம் காவல் இருந்தோம். அவளுக்கு இரண்டாம் படிக்கே குதிக்க மனமில்லை. சாதுவான பூனை என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். சாது என்று மெச்சும் பூனையிடமும் நான் இப்போது காலைத்தான் பார்க்கிறேன்.

இவற்றில் அதிகம் பேர் பூனையைத் திருப்பிக் கொடுப்பது லிட்டர் விஷயத்தில்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மண்ணைத் தோண்டி, கழித்து, மூடுவது பூனைக்குப் பிறவிப் பழக்கம். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பாதத்தோடு அது முதன்முதலில் தோண்டியது லிட்டரில்தான். ஒவ்வொரு தோண்டலுக்கும் வலித்திருக்கும். பூனை அந்த வலியை ஆபரேஷனோடு சேர்த்து நினைவில் வைப்பதில்லை. பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. சில பூனைகளுக்குக் காயம் ஆறியபின் அது மறந்துபோகும். உள்ளே எலும்புச் சில்லோ மூட்டுவாதமோ இருந்தால் மறக்க வழியே இல்லை, ஒவ்வொரு நாளும் நினைவூட்டல் நடக்கிறது. பாதத்தைக் குத்தாத இடமாக அது தேடுகிறது. கார்பெட், மெத்தை, துவைத்த துணி. நீங்கள் பார்ப்பது உங்கள் கட்டிலில் வேண்டுமென்றே மூத்திரம் பெய்த பூனையை.

2017-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபீலைன் மெடிசின் அண்ட் சர்ஜரி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நகம் எடுத்த பூனைகள் 137, எடுக்காதவை 137, இரண்டு கூட்டத்தையும் பரிசோதித்து, நகம் எடுத்தவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்து, பழைய மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தார்கள். கண்ட இடத்தில் கழிப்பதற்கான வாய்ப்பு விகிதம் நகமற்ற பூனைகளில் 7.2 மடங்கு. கடிப்பது 4.5. முடியை நக்கி நக்கியே இழப்பது 3.06. முதுகுவலி 2.9. நகமற்ற பூனைகளில் 63 சதவீதத்துக்குக் காலில் எலும்புச் சில்லு மிச்சம் இருந்தது. சில்லு இருந்தவற்றுக்குத் தொல்லை இன்னும் கூடுதல். சில்லே இல்லாமல் சுத்தமாகச் செய்த பூனைகள்கூட, கடிப்பதிலும் கழிப்பதிலும் நகமுள்ள பூனைகளைவிட மோசமாகவே இருந்தன. இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, ஒன்றினால்தான் மற்றொன்று என்று இதை வைத்து அறுதியிட முடியாது. அதற்கு முந்தைய சில ஆய்வுகளில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு பூனை உங்கள் மெத்தையை நனைத்துவிட்டு நிற்கும்போது, அதன் முன்காலை ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க இவ்வளவு காரணம் போதும்.

ஆகவே முதல் வேலை மருத்துவர். அதிலும் முதல் சந்தேகம் சிறுநீர்ப் பாதை. ஆண் பூனை பெட்டிக்குப் போய் முக்கிவிட்டு ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் அது அடைப்பாக இருக்கலாம். அன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், மறுநாள் ஆபீஸ் முடித்துப் பார்க்கலாம் என்று தள்ளினால் உயிர் போய்விடும். கல், தொற்று, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் இல்லை என்று ஆனபின் காலுக்கு வாருங்கள். ‘முன்பாதம் இரண்டையும், முதுகையும் எக்ஸ்ரே எடுங்கள்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் பெரும்பாலும் எடுப்பதில்லை. பதினைந்து நிமிஷச் சந்திப்பில் மேசைமேல் உறைந்து உட்காரும் பூனையிடம் வலியைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கும் கஷ்டம். வீட்டில் அது நடப்பதையும், பெட்டிக்குள் நிற்பதையும், சோபாவிலிருந்து இறங்குவதையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

முகத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் ‘ஃபீலைன் க்ரிமேஸ் ஸ்கேல்’ என்று ஓர் அளவுகோல் உண்டாக்கினார்கள். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நீட்டியிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்து அடையாளம். திடீர் வலிக்காக உருவானது. பழகிப்போன வலியில் முகம் அவ்வளவு காட்டாது. இருந்தாலும் ஒரு வாரம் இதைக் கவனித்தால், அதுவரை ‘முறைக்கிறது’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த முகம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

வலி என்று தெரிந்தால் வழிகள் இருக்கின்றன. கேபபென்டின் பல பூனைகளுக்கு உதவுகிறது. மூட்டுவாத வலிக்கு மாதம் ஒரு தடவை போடும் சொலென்சியா ஊசிக்கு 2022-இல் இங்கே எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. உள்ளே தங்கிய சில்லை எடுத்து, சுருங்கிய தசைநாணைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. டாக்டர் ஜெனிஃபர் கான்ராட் அதைச் சிங்கம் புலிகளுக்கே செய்தவர். மனிதர்கள் காட்சிக்காக நகம் எடுத்துவிட்ட சிங்கம் புலிகள். அவருடைய ‘தி பா ப்ராஜெக்ட்’ ஆவணப்படம் 2013-இல் வந்தது, தேடினால் கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. வலி என்றதும் நம் கை மருந்து அலமாரிக்குப் போகும். டைலனால், குரோசின், டோலோ எதுவாக இருந்தாலும் உள்ளே பாரசிட்டமால். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரு மாத்திரை கொன்றுவிடும். ஐபுப்ரோஃபனும் அப்படியே. தைலமும் கூடாது. கோடாலித் தைலம், அமிர்தாஞ்சன், நீலகிரித் தைலம் எல்லாவற்றிலும் கற்பூரமோ யூகலிப்டஸோ சாலிசிலேட்டோ இருக்கிறது. பாதத்தில் தடவினால் அது நக்கி விழுங்கிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி அன்பால்தான் தடவுவார். அதனாலேயே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

மருத்துவர் கையிலிருப்பது பாதி. மீதிப் பாதி நீங்கள் வாங்கும் லிட்டர். இன்று கடையில் இருக்கும் களிமண் லிட்டரை முதலில் விற்றவர் மிச்சிகனைச் சேர்ந்த எட்வர்ட் லோ, 1947-இல். அதற்குமுன் மணலும் சாம்பலும்தான். இப்போது பைன் உருண்டை, காகித உருண்டை, சிலிக்கா பரல், சோளம், கோதுமை என்று ஒரு வரிசையே நிற்கிறது. நகமற்ற பூனைக்கு உருண்டையும் பரலும் வேண்டாம். கடற்கரை மணலைப் போல நைசாக, வாசனை சேர்க்காத, கட்டியாகும் லிட்டர் எதுவோ அதை வாங்குங்கள். கிழித்த காகிதத்தை மட்டும் ஏற்கிற பூனைகளும் இருக்கின்றன. பெட்டி பெரிதாக, மூடியில்லாமல், ஒரு பக்கம் தாழ்வாக இருக்கட்டும். பூனையின் நீளத்தில் ஒன்றரை மடங்கு என்பது பொதுக் கணக்கு. கடைப் பெட்டி போதவில்லையென்றால் கட்டிலுக்கு அடியில் துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, வெவ்வேறு இடத்தில். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டியை வைத்துவிட்டு, ஏன் மேல்மாடிக் கார்பெட்டில் போகிறது என்று கேட்காதீர்கள். மூட்டு வலிக்கிற பிராணியைப் படி இறங்கச் சொல்கிறோம். நனைந்த இடத்தை என்ஸைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் வாடை பூனைக்கு மூத்திர வாடை மாதிரியே படும், திரும்ப அங்கேயே வரும்.

பட்டு விளிம்பில் நின்று போவதை நிறுத்தவில்லை. ஆனால் மணல் போன்ற லிட்டருக்கு மாறியபின் வேட்டி அடுக்கு தப்பித்தது. மிதியடியைக் குளியலறையிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

கடிப்பது வேறு விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பயந்தால் பூனை முதலில் ஓடப் பார்க்கும். வழியில்லை என்றால் நகத்தை வெளியே எடுத்துக் காட்டும், ஓர் அறை அறையும். பல்லை உபயோகிப்பது கடைசியில். நடுவில் இருக்கிற படியை எடுத்துவிட்டால் எச்சரிக்கையிலிருந்து நேரே கடிக்குப் போய்விடும். சீறி, தட்டிப் பார்த்து, அந்தத் தட்டுக்கு யாரும் பயப்படவில்லை என்று கற்றுக்கொண்ட பூனை அது. முதுகுத் தோல் சிலிர்ப்பது, வால் நுனி வெடுக் வெடுக்கென்று ஆடுவது, காது பக்கவாட்டில் சாய்வது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். முன்பாதத்தை யாரும் தொடக்கூடாது. கன்னத்தில் தடவலாம், காதுக்குப் பின்னால் சொறியலாம்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூனையின் பல் மெல்லிய ஊசி, துளை சின்னதாகத் தெரியும், கிருமி ஆழத்தில் போய்விடும். கையில் கடித்தால் மறுநாள் வீங்கிவிடலாம். சர்க்கரையுள்ள மாமனார் மாமியாருக்கு இதில் அலட்சியம் கூடாது. அவர்களைப் பிராண்டிவிடுமே என்றுதான் பலர் நகமற்ற பூனையைத் தேடுகிறார்கள், பிராண்டலைவிடக் கடிதான் அவர்களுக்கு அபாயம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில்கூடப் பிராண்டலுக்குப் பயந்து நகம் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் சிடிசி-யின் நிலைப்பாடு.

பட்டு இன்னும் சோபாவின் பக்கவாட்டில் எழுந்து நின்று இரண்டு கையாலும் பிராண்டுகிறாள். ஒரு நூலும் அறாது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், எனக்கும் சில நாள் சிரிப்பு வருகிறது. பிராண்டுவது நகத்தைக் கூராக்க மட்டுமில்லை. விரலிடுக்கில் உள்ள சுரப்பிகளிலிருந்து தன் வாசனையைப் பூசுவதற்கும், தோளையும் முதுகையும் இழுத்து நீட்டிக்கொள்வதற்கும் அதுதான் வழி. அவளுக்குமென்று ஓர் உயரமான கம்பத்தை வாங்கி, சாக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறோம். ஏறுவதற்குச் சோபாவுக்கும் ஜன்னல் திண்டுக்கும் சிறு படிகள். வெளியே விடுவதில்லை, நாய் துரத்தினால் மரமேற முடியாது.

எல்லாவற்றையும் காலின்மேல் போட்டுவிடவும் கூடாது. புதிதாக வந்த எந்தப் பூனையும் முதல் நாட்களில் கட்டிலடியில்தான் கிடக்கும். மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் போனால்தான் தன் வீடு என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வோம். குக்கர் விசிலுக்கு ஓடுவது, அதிகாலை மூன்று மணிக்குக் கத்துவது, தாளிக்கும் வாசத்துக்குத் தும்முவது, இவையெல்லாம் நகமுள்ள பூனையும் செய்யும். நகமில்லாமலேயே பதினெட்டு வயதுவரை எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழும் பூனைகளும் இருக்கின்றன.

ஆனால் ஒரு விளக்கத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பழி வாங்குகிறது என்பது. ‘நாங்கள் இந்தியா போய்விட்டு வந்தோம், அதனால்தான் படுக்கையில் போய் வைத்தது’ என்று நல்ல படிப்புப் படித்தவர்களும் சொல்கிறார்கள். பூனைக்கு விசுவாசம் கிடையாது என்று ஊரில் கேட்டு வளர்ந்த பேச்சு இதில் கலந்திருக்கிறது. ஐந்து வாரம் யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பையன் வந்து லிட்டரை வாரத்துக்கு ஒரு தடவை அள்ளியிருப்பான். வலிக்கிற காலோடு அந்த அழுக்கில் இறங்க அதற்குப் பிடிக்கவில்லை, உங்கள் வாசனையுள்ள மெத்தை மென்மையாக இருந்தது. கத்தினால், மூக்கைத் தேய்த்தால், அறையில் பூட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் அதிகமாகப் போகும்.

இனி வாங்கப்போகும் குட்டிக்கு நகம் எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் ஹாலிவுட் நகரம் 2003-இல் இந்த ஆபரேஷனைத் தடை செய்தது. மாநிலங்களில் முதலாவது நியூயார்க், 2019. மேரிலாண்ட் 2022, வர்ஜீனியா 2024, மாசச்சூசெட்ஸ் 2025. பான்ஃபீல்ட், விசிஏ, புளூபேர்ல் மருத்துவமனைகள் 2020-இல் தாமாகவே நிறுத்திக்கொண்டன. கலிஃபோர்னியாவில் நகம் எடுத்தால்தான் பூனையை அனுமதிப்பேன் என்று வீட்டு உரிமையாளர் நிபந்தனை போட 2012-இல் இயற்றிய சட்டம் இடம் கொடுப்பதில்லை. உங்கள் மாநிலத்தில் தடை இல்லாவிட்டாலும், ‘தசைநாணை மட்டும் வெட்டலாம், நகம் இருக்கும், வெளியே வராது’ என்று யாராவது மாற்று சொன்னாலும் வேண்டாம். அந்த நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே இறங்கும். குட்டியாக இருக்கும்போதே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நகத்தின் நுனியை மட்டும் கத்தரித்துப் பழக்கினால் போதும். தூங்கி வழியும்போது ஒரு காலில் இரண்டு நகம், மறுபடி வேறொரு நாள் மற்றவை. ஆளுயரத்தில் பாதியாவது இருக்கிற, ஆடாத ஒரு கம்பத்தில் கயிறு சுற்றி, அது இப்போது பிராண்டுகிற சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். மூலையில் மறைத்து வைத்தால் பயன் இல்லை.

கடைசியாக, எல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை என்ற நிலை வரலாம். கைக்குழந்தை வந்திருக்கும், வேலை போயிருக்கும், வீடு மாறவேண்டியிருக்கும். பூனையைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். படிவத்தில் மட்டும் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள். எந்த லிட்டர் கொடுத்தீர்கள், எதில் போனது, எதில் போகவில்லை, எங்கே தொட்டால் கடித்தது, எக்ஸ்ரே எடுத்தீர்களா, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ‘மோசமான பூனை’ என்ற குறிப்போடு வரும் பத்து வயதுப் பூனையை எடுக்க யாரும் வரமாட்டார்கள், இடப் பற்றாக்குறையுள்ள காப்பகங்களில் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ‘பைன் உருண்டையில் போகாது, நைசான மண்ணில் போகும், இடது முன்காலில் எலும்புச் சில்லு இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் எங்களால் அன்றைக்கே அந்த மண்ணை வைக்க முடியும், மருத்துவரிடம் காட்ட முடியும், அடுத்து வருகிறவரிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுக்க முடியும். எக்ஸ்ரே நகலையும் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பூனைகள் பக்கத்துத் தன்னார்வலர்,
நியூ ஜெர்சி